சிக்குண்ட ஞானப்பல்: அறியும் முறையும் ஆவன செய்தலும்

மனிதனுக்குப் பற்கள் 32 என்று பள்ளிப் பாடநூல்கள் கூறுகின்றன. ஆயின் எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ அமர்ந்திருக்கும் மாணவன் தன் வாயிலுள்ள பற்களை நாவினால் தடவி எண்ணிப் பார்ப்பானாயின் 28-க்கு மேல் தேறுவதில்லை. அவனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரின் வாயில் 30 இருக்கலாம். அவருடைய தந்தையாரின் வாயில் 32-ம் இருக்கலாம். பாடநூலும் பொய் கூறவில்லை. மாணவனும் தவறாக எண்ணவில்லை. எஞ்சிய நான்கு பற்கள் மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும் இருபுறத்துக் கோடிகளில் எலும்பினுள்ளே மறைந்து காலம் பார்த்திருக்கின்றன. பெரும்பாலோர்க்கு 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் அவை வெளிப்படுகின்றன. சிலருக்கு வெளிப்படுவதே இல்லை. சிலருக்குப் பாதி மட்டும் வெளிப்பட்டு, மீதி ஈற்றினுள்ளும் எலும்பினுள்ளும் அகப்பட்டு நின்றுவிடுகிறது. இவ்வாறு நின்றுவிட்ட பல்லைப் பற்றியதே இக்கட்டுரை.

இந்தக் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குத் தமிழில் ஞானப்பல் என்றும் அறிவுப்பல் என்றும் பெயர் வழங்குகிறது. இந்தியில் ‘அக்ல் தாட்’ என்பர். தெலுங்கிலும் ஞானத்தின் பெயராலேயே அழைப்பர். இலத்தீன் மொழியில் உள்ள பெயருக்கும் பொருள் அதுவே. ஜப்பானியர் மட்டும் சற்று வேறுபட்டுப் ‘பெற்றோர் அறியாப் பல்’ என்னும் பொருள்பட வழங்குகின்றனர். பிள்ளை வளர்ந்து தனியே வாழத் தலைப்பட்ட பிறகு முளைப்பது என்பது கருத்துப்போலும். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய தம் நூலில், இப்பல் 20 வயதளவில் முளைக்கிறதென்றும், 80 வயது கடந்த மூதாட்டியர்க்கும் முளைத்துப் பெருந்துன்பம் தந்ததுண்டு என்றும் எழுதியுள்ளார். ஆடவரைவிடப் பெண்டிர்க்குப் பற்கள் குறைவு என்றும் அதே நூலில் அவர் எழுதியிருத்தலை நோக்கும்போது, தாமே எண்ணிப் பார்த்ததினும் கேட்டறிந்ததே மிகுதி என்று தோன்றுகிறது.

இத்தகைய பல்லைப் பல் மருத்துவர்கள் ‘இம்பேக்டட்’ பல் என்பர். இச்சொல்லை மொழிபெயர்ப்பதில் சிறு இடர்ப்பாடு உண்டு. ‘புதைந்த பல்’ என்றால் பாதி வெளிவந்த பல்லுக்குப் பொருந்தாது; ‘முளையாப் பல்’ என்றால் காலம் வந்தால் முளைக்கும் என்ற எண்ணம் எழும். வெளிவரும் வழியில் தடையுண்டு நின்றுவிட்டது என்பதே இங்குக் கருத்தாதலின், ‘சிக்குண்ட பல்’ என்னும் வழக்கு இக்கட்டுரையில் கொள்ளப்படுகிறது.

சிக்குண்ணும் காரணம்

நிலைப்பற்களாகிய பெரிய கடைவாய்ப் பற்கள் ஒவ்வொரு பக்கத்திலும் மும்மூன்று. அவற்றுள் முதலாவது 6 வயதளவிலும், இரண்டாவது 12 வயதளவிலும் முளைக்கின்றன. இவற்றுக்கு முன் அவ்விடத்தில் பாற்பற்கள் இருந்ததில்லை. ஆகவே இவை ஒவ்வொன்றும் தாடை பின்னோக்கி நீண்டு இடங்கொடுத்தாலன்றி வெளிவர இயலாது. கீழ்த்தாடை எலும்பு வளைந்து மேல்நோக்கிச் செல்லும் பகுதியின் முன்விளிம்பு வளரும் பருவத்தில் சிறிது சிறிதாகக் கரைகிறது. பின்விளிம்பில் புதிய எலும்பு சேர்கிறது. இவ்வகையால் பல்வரிசைக்குப் பின்னே இடம் உண்டாகின்றது. மூன்றாவது பல்லின் முறை வரும்போது இவ்வளர்ச்சி பெரும்பாலும் முடிவுறும் தறுவாயில் உள்ளது. வந்து அமர வேண்டியவர் கடைசியில் வருகின்றார். பந்தியிலோ இடம் நிரம்பிவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. கீழ் ஞானப்பல் எலும்பினுள் உருவாகும்போதே முன்னோக்கிச் சாய்ந்த நிலையில்தான் உருவாகின்றது. ஏறத்தாழ 8 முதல் 10 வயதுக்குள் அதன் தலைப்பகுதி கெட்டிப்படத் தொடங்குகிறது. வளர வளர அது நிமிர்ந்து, மேல்நோக்கி வரவேண்டும். இடம் போதாதபோது நிமிர முடியாமல், தனக்கு முன்னுள்ள இரண்டாவது கடைவாய்ப் பல்லின் முதுகில் தலையை முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஜார்ஜ் வின்டர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர் 1926-இல் வெளியிட்ட வகைப்பாட்டை இன்றும் மருத்துவர்கள் பின்பற்றுகின்றனர். பல் முன்னோக்கிச் சாய்ந்தது, நேராக நின்றது, படுக்கையாகக் கிடந்தது, பின்னோக்கிச் சாய்ந்தது என்பன அதன் முதன்மையான வகைகள். இவற்றுள் முன்னோக்கிச் சாய்ந்ததே மிகுதியாகக் காணப்படுவது. பின்னோக்கிச் சாய்ந்தது பார்வைக்கு எளிதாகத் தோன்றினும், மேலேறும் எலும்பினுள் தலை புகுந்திருப்பதால் எடுப்பதற்கு மிகக் கடினமானது என்பர்.

தாடை ஏன் சிறுத்தது என்ற வினா சுவையானது. சமைத்து மென்மையாக்கிய உணவை உண்பதால் நாகரிக மக்களிடையே தாடை குறுகி, ஞானப்பல் தேய்ந்துவரும் உறுப்பாகிவிட்டது என்னும் கருத்தை டார்வின் மனிதனின் தோற்றத்தைப் பற்றி 1871-இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்துள்ளார். பிறவியும் உணவும் எவ்வெவ்வளவு காரணம் என்பதில் அறிஞர் இன்றும் ஒருமுடிவுக்கு வந்திலர். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நால்வருள் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லேனும் சிக்குண்டிருப்பது தெரியவந்தது. ஒன்றோ பலவோ ஞானப்பற்கள் பிறவியிலேயே இல்லாதவர்களும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் உளர். இவர்களைக் குறையுடையோர் என்று கருதவேண்டா. ஒருவகையில் நற்பேறு பெற்றோர் எனலாம்.

ஈற்று மடலின் அடியில்

முழுதும் எலும்பினுள் கிடக்கும் பல் பல்லாண்டுகள் யாதொரு தொல்லையும் தராமல் இருக்கக்கூடும். தொல்லை தருவது பெரும்பாலும் பாதி வெளிப்பட்ட பல்லே. அதன் தலைமேல் ஈறு ஒரு மடல்போல் மூடிக்கிடக்கின்றது. மடலுக்கும் பல்லுக்கும் இடையே ஒரு பை உண்டாகிறது. சோற்றுப் பருக்கையும் பயற்றுத் தோலும் அதனுள் புகுந்தால் நாவினாலும் வெளியேற்ற முடியாது. பல் துலக்கும் தூரிகையும் எட்டாது. காற்றுப் படாத அவ்விடத்தில் பாக்டீரியாக் கிருமிகள் பெருகி மடல் அழற்சியுறுகின்றது. வீங்கிய மடலை, மேலேயுள்ள ஞானப்பல் ஒவ்வொரு முறை வாய் மூடும்போதும் கடிக்கின்றது. கடிபட்ட மடல் மேலும் வீங்குகின்றது. உடல் களைத்து உறக்கங்கெட்டிருக்கும்போதும், சளி பிடித்திருக்கும்போதும் இது தலைகாட்டுவது வழக்கம். தேர்வுக்காகக் கண்விழிக்கும் கல்லூரி மாணவரிடத்தும், ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞரிடத்தும் அடிக்கடி காணப்படுவதன் காரணமும் இதுவாகலாம்.

இதனை எழுதுபவன் தன் 22-ஆம் வயதில் மாணவர் விடுதியில் இதனை நேரிற் கண்டவன். முதல் நாள் கடைவாயில் ஒரு கனம். இரண்டாம் நாள் காதுவலி. காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் மருந்துக் கடைக்காரர் பெயர் கூறாமல் கொடுத்த இரு வண்ண மாத்திரைகளை விழுங்கினான். நண்பர் ஒருவர் சொற்படி ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றை நொறுக்கி ஈற்றின்மேல் அப்பிக்கொண்டான். நான்காம் நாள் வாய் ஒரு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. மாத்திரை அப்பிய இடம் வெந்து வெண்ணிறமாகத் தோலுரிந்திருந்தது. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, பல் செய்த தீங்கில் பாதியை நீயே செய்துகொண்டாய் என்றார். காதுவலி என்று மயங்கியதற்குக் காரணம் உண்டு. கீழ்ப் பற்களுக்கும் காதின் முன்பகுதிக்கும் உணர்ச்சி நரம்பு செல்வது ஒரே தாய் நரம்பின் கிளைகளிலிருந்தாம். ஆகவே பல்லில் எழும் வலியை மூளை காதின் வலியாகவும் உணர்கின்றது. காதில் சீழோ கேள்விக்குறையோ இல்லாமல் இளைஞர் ஒருவர் காதுவலி என்று வந்தால் அவருடைய கடைவாயையும் பார்த்தல் வேண்டும்.

அழற்சியோடு தீங்கு முடிவதில்லை. முன்னோக்கிச் சாய்ந்த பல் இரண்டாவது கடைவாய்ப் பல்லின் பின்புறத்தில் உணவைத் தேக்கி அதனைச் சொத்தையாக்குகின்றது. இது வலியின்றி நிகழ்வதால் கவனிப்பார் இல்லை. வலி எழும்போது, பயனற்ற ஞானப்பல்லோடு, வாழ்நாள் முழுதும் மெல்லப் பயன்பட வேண்டிய நல்ல பல்லும் இழக்கப்படுகின்றது. அரிதாக, சிக்குண்ட பல்லின் தலையைச் சூழ்ந்துள்ள உறையில் நீர் கோத்துக் கட்டியாகி, எலும்பை உள்ளிருந்தே அரித்துத் தாடையை வலுவிழக்கச் செய்வதும் உண்டு.

ஞானப்பல் தள்ளுவதால் முன்பற்கள் நெருங்கிக் கோணலாகின்றன என்பது மக்களிடையே மட்டுமன்றி மருத்துவரிடையேயும் நெடுங்காலம் நிலவிய கருத்து. ஞானப்பல்லே பிறவியில் இல்லாதவர்க்கும் வயது ஏற ஏற முன்பற்கள் நெருங்குவதுண்டு. ஆய்வுகள் அக்கருத்தை உறுதிப்படுத்தவில்லை. முன்பல் வரிசையைக் காப்பதற்கென்று மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்குதல் வேண்டுவதன்று.

கண்டறிதல்

களப்பணியாளர்க்கு வேண்டிய கருவிகள் கைவிளக்கு ஒன்றும், தூய கையுறையும், ஐஸ் குச்சி போன்ற தட்டையான மரத்துண்டு ஒன்றுமே. நோயாளியை வெளிச்சத்தை நோக்கி உட்காரவைத்து முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும். இரு கன்னங்களும் ஒத்திருக்கின்றனவா, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவி அறிக. பின்னர் வாயைத் திறக்கச் சொல்லுக. வளர்ந்த ஒருவர் தம் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைக்கக்கூடியவராயின் வாய் இயல்பாகத் திறக்கின்றது எனலாம். இது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல். இரு விரல் மட்டும் நுழைந்தால் குறைவு. ஒரு விரலே நுழைந்தால் மிகக் குறைவு. எத்தனை விரல் நுழைந்தது என்பதைக் குறித்து வைப்பது நன்று. மறுநாள் பார்க்கும்போது நோய் தணிகிறதா வளர்கிறதா என்பதை அறிய இதனினும் எளிய அளவுகோல் இல்லை.

அடுத்துக் கன்னத்தை மரத்துண்டினால் ஒதுக்கிப் பற்களை முன்னிருந்து பின்னாக எண்ணுக. எட்டாவது பல்லே ஞானப்பல். ஏழாவது பல்லின் பின்னே சிவந்து பருத்த ஈற்று மடலும், அதனடியில் வெண்மையாகப் பல்லின் ஒரு முனையும் தெரிந்து, மெல்ல அழுத்தும்போது சீழோ கெட்ட சுவையுடைய நீரோ கசிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. நோயாளியின் வயது 17-க்கும் 30-க்கும் இடையே இருப்பதும் துணைச் சான்று. பல்லே கண்ணுக்குப் புலப்படாதவிடத்து எக்ஸ்ரே படம் இன்றியமையாதது. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகள் பலவற்றிலும் எடுக்கப்படுகிறது.

வாய் திறவாமை என்னும் ஒரே குறியைக் கொண்டு ஞானப்பல் என்று முடிவு கட்டிவிடலாகாது. நம் நாட்டில் இதனை மிகவும் வற்புறுத்த வேண்டியுள்ளது. வாய்ப்பூட்டு உண்டாக்கும் வேறு நோய்கள் உள. அவற்றுள் சில உயிரைப் பற்றியவை.

முதலாவது இரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ். ஈற்றில் வலியில்லை, கன்னத்தில் வீக்கமில்லை, ஆயினும் தாடை இறுகிவிட்டது. சின்னாட்களுக்கு முன் காலிலோ கையிலோ காயம்பட்ட வரலாறு உண்டு. கழுத்தும் முதுகும் விறைக்கின்றன. சிறு ஓசை கேட்டாலும் உடல் இசிக்கின்றது என்றால் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

இரண்டாவது, பாக்கினால் வரும் வாய் இறுக்க நோய். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்டிர் ஐவரிடம் கண்ட இந்நோயை ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952-இல் விவரித்தார். அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி என்னும் மருத்துவர் இதனை விளக்கியெழுதினார். கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசு படிந்து, மென்மையான கன்னம் தோற்பட்டைபோல் விறைத்துவிடுகிறது. வலி இராது, காரம் பட்டால் எரிச்சல் உண்டு. வாய் திடீரெனப் பூட்டிக்கொள்ளாமல் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுகக் குறுகுகின்றது. உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் நரம்புக் கயிறுபோல் தட்டுப்படும். பாக்கு, குட்கா, பான் மசாலா முதலியவற்றை மெல்லும் வழக்கம் கேட்டால் தெரியவரும். இந்நோய் புற்றுநோயாக மாறக்கூடியது. பள்ளி மாணவரிடையேயும் பொட்டலப் பாக்கு மெல்லும் வழக்கம் பரவியிருப்பதால், மாணவனின் வாயில் மூன்று விரல் நுழையவில்லை என்று காணும் ஆசிரியர், ஞானப்பல் முளைக்கும் வயது வந்துவிட்டதா என்று நினைப்பதற்கு முன் அவன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்பது தகும்.

தொண்டையின் பக்கத்தில் சீழ் கோத்தாலும், பொன்னுக்கு வீங்கி கண்டாலும் வாய் திறத்தல் கடினமாகும். கடைவாய்க்குப் பின்னே இரு வாரங்களாகியும் ஆறாத புண் இருந்தால், முக்கியமாக நடுவயதினரிடத்தும் புகையிலை மெல்வோரிடத்தும், அதனை ஞானப்பல் உறுத்திய புண் என்று தள்ளிவிடாமல் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்புக.

காலம் தாழ்த்தலாகாத நிலை

கீழ்த் தாடையின் உட்புறத்தில் நாவின் அடித்தளமாக அமைந்த தசையொன்று படுக்கையாக ஒட்டியிருக்கின்றது. முன்னுள்ள பற்களின் வேர்நுனிகள் இத்தசைக்கு மேலே முடிகின்றன. இரண்டாவது, மூன்றாவது கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகளோ அதற்குக் கீழே இறங்கியுள்ளன. எனவே இப்பற்களிலிருந்து கசியும் சீழ் வாயினுள் வழிந்தோட வழியின்றித் தாடைக்குக் கீழே கழுத்தினுள் இறங்குகின்றது. அங்கிருந்து இருபுறமும் பரவி, நாவின் அடியிலும் புகுந்தால் கழுத்தின் மேற்பகுதி முழுவதும் மரப்பலகைபோல் கெட்டிப்படும், நா மேலே தூக்கப்பட்டுப் பின்னே தள்ளப்படும், மூச்சுக்குழல் அடைபடும். 1836-இல் இதனை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லுட்விக் என்பவரின் பெயரால் இந்நிலை வழங்குகின்றது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றாத காலத்தில் இதனால் பற்றப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்றும் தாமதமே இதில் உயிரை வாங்குவது.

ஆதலின், பல்வலி என்று வந்தவரிடத்து எச்சிலை விழுங்க இயலாமல் ஒழுகவிடுதல், குரல் மாறி வாயில் சூடான உருளைக்கிழங்கு இருப்பதுபோற் பேசுதல், நா மேலெழும்பி நிற்றல், தாடைக்குக் கீழ் இருபுறமும் கெட்டியான வீக்கம், கடுங்காய்ச்சல், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் 108 ஊர்தியை அழைத்து, அறுவைச் சிகிச்சையும் செயற்கைச் சுவாச வசதியும் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். வழியில் அவரைப் படுக்கவைக்கலாகாது. சற்று முன் சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும். வாய்வழி உணவோ மாத்திரையோ திணிக்கக் கூடாது. பல் மருத்துவர் காலையில் வருவார் என்று இரவெல்லாம் காத்திருத்தல் பெருந்தவறு. நீரிழிவு நோயாளிகளிடத்து இது மிக விரைந்து பரவும்.

முதல் உதவி

மேற்கூறிய அபாயக் குறிகள் இல்லாதவிடத்துச் செய்யத்தக்கது மிக எளியது. அது பெரும்பாலும் பயன் தருவதும் ஆகும். ஒரு டம்ளர் இளஞ்சூடான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நோயுள்ள பக்கத்தில் சற்று நிறுத்தி வைத்துக் கொப்பளிக்கச் செய்க. ஒவ்வொரு முறை உணவு உண்டபின்னும், உறங்கப் போகுமுன்னும் இதனைச் செய்தல் வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர், ஊசியை நீக்கிய 10 மில்லிலிட்டர் பீச்சுகுழலால் வெதுவெதுப்பான உப்பு நீரை மடலின் அடியில் பீச்சிக் கழுவினால் உள்ளே தேங்கிய கசடு வெளிவரும். பலருக்கு அந்த ஒரு கழுவலிலேயே பாதி வலி நீங்குகிறது. 0.2 விழுக்காடு குளோர்ஹெக்ஸிடின் கரைசல் கிடைத்தால் 10 மில்லிலிட்டர் வீதம் நாளைக்கு இருமுறை வாயிலிட்டு ஒரு நிமிடம் வைத்திருந்து உமிழலாம். வலி தணியப் பாரசிட்டமால் போதுமானது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உடையோர்க்கும், கருவுற்ற மகளிர்க்கும், டெங்கு என்று ஐயுறப்படுவோர்க்கும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்கலாகாது.

பல் துலக்குவதை நிறுத்துவோர் பலர். வலிக்கும் இடத்தைத் தொடாமல் விட்டால் நோய் வளரும். சிறிய தலையுடைய மெல்லிய தூரிகையைக் கொண்டு, வாயை அகலத் திறவாமல் பாதி மூடிய நிலையில் பக்கவாட்டிலிருந்து நுழைத்தால் கன்னம் தளர்ந்து கடைசிப் பல்லுக்கு இடம் கிடைக்கும். இது சிறு நுணுக்கமாயினும் பலரும் அறியாதது.

கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு வைப்பதால் சற்று வலி மரக்கும். குப்பியைக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டால் ஈறு வேகும். புகையிலையை அடக்கி வைத்தல், ஆஸ்பிரினை அப்புதல், மண்ணெண்ணெய் தடவுதல், மடலைக் குண்டூசியால் குத்துதல் ஆகியவை விலக்கத்தக்கன. கன்னத்தின் வெளியே சூடான ஒத்தடம் கொடுப்பதையும் தவிர்க்க. வெம்மை வாயினுள் இருக்கட்டும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். பல்வலி என்றவுடன் அமாக்ஸிசிலினும் மெட்ரோநிடசோலும் வாங்கி விழுங்கும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. மடலின் அடியில் கசடு தேங்கியிருக்கும்வரை மருந்து நோயைத் தள்ளிப்போடுமேயன்றித் தீர்க்காது. காய்ச்சல், நெறி கட்டுதல், வாய் திறவாமை, பரவும் வீக்கம் ஆகியவை உள்ளபோது மருத்துவர் அவற்றைக் கொடுப்பார். கொடுத்த அளவில், கொடுத்த நாட்களுக்கு உட்கொள்ள வேண்டும். இரு நாளில் வலி நின்றதென்று நிறுத்துவோரும், மீதியை அடுத்த வலிக்கு எடுத்து வைப்போரும் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கின்றனர். மெட்ரோநிடசோல் உட்கொள்ளும்போது மது அருந்தலாகாது என்பதையும் நோயாளிக்குச் சொல்லிவிடுக.

மருத்துவமனையில்

அழற்சி தணிந்த பின்னரே பல்லை எடுப்பது பொதுவான முறை. ‘வலி போய்விட்டதே, இனி எதற்கு?’ என்று நோயாளி திரும்பிவிடும் இடமும் இதுவே. ஆகவே களப்பணியாளர் தம் குறிப்பேட்டில் அந்தப் பெயரை நீக்காமல் வைத்து, இரு வாரங்கழித்து மீண்டும் கேட்டல் வேண்டும். மேல் ஞானப்பல் மடலைக் கடிப்பதே தொல்லையாயின், மேற்பல்லை மட்டும் எடுத்துவிடுதலே சிலருக்குப் போதும்.

பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டுவதில்லை. மரத்துப்போகும் ஊசியே போதும். ஈற்றைக் கீறி விலக்கி, பல்லை மூடிய எலும்பைச் சிறிது நீக்கி, தேவையாயின் பல்லை இரண்டு மூன்று துண்டுகளாக்கி எடுத்துத் தையலிடுவர். கீழ்த் தாடையின் உள்ளே ஒரு குழாய் வழியாகக் கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு செல்கின்றது. ஞானப்பல்லின் வேர் அதனருகில், சிலவேளை அதனைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சிலருக்குச் சில வாரங்கள் உதடும் மோவாயும் மரத்திருப்பதுண்டு. நிலையாக மரத்துவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எக்ஸ்ரே படத்தில் வேர் நரம்பைத் தொட்டிருப்பதாகத் தோன்றினால், பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் இன்று கையாளப்படுகிறது. நாட்டுப்புறத்தில் பரவலாக அஞ்சப்படுவது வேறொன்று: பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை கெடும் என்பது. பற்களுக்குச் செல்வது மண்டையோட்டு நரம்புகளுள் ஐந்தாவது, பார்வைக்குரியது இரண்டாவது. இரண்டும் வேறு வேறு வழிச் செல்பவை. இந்த அச்சத்தால் ஆண்டுக்கணக்கில் சீழோடு வாழ்வோரைக் காண்கிறோம். அவர்களைப் பார்த்து நகைக்காமல் பொறுமையாக விளக்குதல் வேண்டும்.

வீடு திரும்பியவர் பஞ்சுத்துணியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம்வரை கடித்திருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவும் துப்பவும் கூடாது. குழியில் உறையும் இரத்தக் கட்டியே ஆறுதலுக்கு அடிப்படை. அடிக்கடி துப்புவோர் அதனைத் தாமே பிடுங்கி எறிகின்றனர். முதல் நாள் வெளியே குளிர்ந்த ஒத்தடமும், ஆறின கஞ்சி, தயிர்ச்சோறு போன்ற மென்மையான உணவும் ஏற்றவை. மறுநாள் முதல் உப்பு நீர் கொப்பளிக்கலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் மிகுந்து பின் வடியும். அதுபற்றி அஞ்ச வேண்டா. ஆனால் தணிந்துவந்த வலி இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே திடீரென மிகுந்து, காதுவரை பரவி, வாய் நாற்றமும் எடுத்தால், இரத்தக் கட்டி நீங்கி எலும்பு வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். புகைப்போர்க்கு இது மிகுதி. குழியைக் கழுவி மருந்திட்ட பட்டியை வைத்தால் வலி விரைவில் அடங்கும். மாத்திரைகளை மாற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

வலியே தராத பல்லையும் எடுத்துவிடலாமா என்பது நெடுநாள் வழக்கு. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் 1979-இல் அறிஞர் குழுவைக் கூட்டி ஆராய்ந்தது. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு அரசு சார்ந்த மதிப்பீட்டு நிறுவனம், நோயற்ற சிக்குண்ட ஞானப்பற்களை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி கூறியது. வீண் அறுவைகள் குறைந்தன. ஆனால் பின்னர், முன்பு 20 வயதிற் பல் எடுத்தவர்க்குப் பதிலாக 30 கடந்தவர்கள், பக்கத்துப் பல்லும் சொத்தையாகி வருகின்றனர் என்று அந்நாட்டு மருத்துவர் சிலர் சுட்டிக்காட்டினர். வயது ஏற ஏற எலும்பு இறுகி அறுவை கடினமாவதும் உண்மையே. முழுதும் எலும்பினுள் அடங்கி, தொல்லை தராத பல்லை அப்படியே விட்டு, காலந்தோறும் பார்த்துவருதல் தகும். முன்னோக்கிச் சாய்ந்து பாதி வெளிவந்து, ஒருமுறைக்கு மேல் அழற்சியுற்ற பல்லை இளமையிலேயே எடுத்துவிடுதல் தகும் என்பதே நடுநிலையான முடிவாகத் தோன்றுகிறது. மருத்துவர் அருகில் இல்லாத சிற்றூரில் வாழ்பவர், நெடுந்தொலைவில் பணிக்குச் செல்பவர், விரைவில் மகப்பேற்றை எதிர்நோக்கும் பெண் ஆகியோர் விஷயத்தில் மருத்துவர் இதனையும் கருதுவார். இதய வால்வு நோயோ நீரிழிவோ இருப்பின், இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொண்டு வருபவராயின், பல் எடுக்குமுன் அதனைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

இறுதியாக ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி. ஞானப்பல் முளைத்துவிட்டதே, இவனுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டதன்றோ என்று வினவுவர். 17 வயதுக்கு முன்பே முளைத்தவரும் உளர். 40 வயதிலும் முளையாதவர் உளர். பல்லின் வேர் எந்த அளவு வளர்ந்துள்ளது என்பதை எக்ஸ்ரேயில் பார்த்து வயதை ஏறத்தாழ மதிப்பிடலாமே தவிர, வாயைத் திறந்து பார்த்துத் துணிய இயலாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவும், பள்ளியின் பிறந்தநாள் சான்றையோ மெட்ரிக்குலேஷன் சான்றையோ முதலிலும், உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றை அடுத்தும் வைத்து, இவை இல்லாதபோது மட்டுமே மருத்துவச் சோதனைக்கு இடந்தருகிறது. ஆகவே சேர்க்கைப் பதிவேட்டில் ஆசிரியர் எழுதும் தேதியையே முதலில் நோக்குவர்.